பழனிவேல் சேரின் பதினாறு பெயர்கள்

பழனிவேல் சேர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் நாள், வகுப்பறைக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தவன் நான்தான். புதிதாக வருகிற எந்த ஆசிரியருக்கும் நான் கொடுக்கிற வரவேற்பு அது. வழக்கமாக அவர்கள் மேலே பார்ப்பார்கள், சிரிப்பார்கள் அல்லது கத்துவார்கள். இவர் கடிகாரத்தைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தின் திருகை இழுத்து அதையும் பத்து நிமிடம் முன்னால் நகர்த்திக்கொண்டார்.

அன்று முழுவதும் எல்லா வகுப்புக்கும் பத்து நிமிடம் முந்திப் போய், உள்ளே வேறு ஆசிரியர் இருப்பதைக் கண்டு, கதவுக்கு வெளியே நின்றாராம்.

இரண்டு நாள் கழித்து நடையில் என்னைப் பிடித்தார். தமிழில் கேட்டார்.

“தம்பி, நீங்க சிலோன் பக்கமா?”

“ஓம் சேர். வவுனியா. சின்னனில வந்திட்டன்.”

“பேரு?”

“ஆரணன்.”

“அந்தக் கடிகாரம் நீங்கதானே?”

“ஓம் சேர்.”

“சொல்லியிருக்கலாம்ல. நான் வாட்ச்சை ரிப்பேருக்குக் குடுத்துட்டேன்.”

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இந்த ஊரில் இரண்டு கடிகாரம் இரண்டு நேரம் காட்டினால், பிழை தன்னுடையதில்தான் இருக்கும் என்று நம்புகிற மனுசன் அவர்.

சொந்த ஊர் விருதுநகர். ஆங்கிலத்தில் எம்.ஏ., அதற்கு மேல் எம்.ஃபில். ஊரில் ஒரு எஞ்சினியரிங் கல்லூரியில் பதினொரு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். மனைவி அபர்ணா அக்கா நர்ஸ். ஹில்ஸ்பரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் அவருக்கு வேலை கிடைத்தபோது இவரும் கூடவே நியூசிலாந்துக்கு, இந்த ஆக்லாந்துக்கு வந்தார். வந்து மூன்று வருடம் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் பெயின்ட் வாளிகளை அடுக்கினார். அடுக்கிக்கொண்டே ஆசிரியர் பதிவுக்கு விண்ணப்பம் போட்டார், பேப்பர் அனுப்பினார், இன்னொரு பேப்பர் கேட்டார்கள், அதையும் அனுப்பினார். கடைசியில் மனுகாவ் பக்கம் உள்ள எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வருட ஒப்பந்தம் கிடைத்தது.

ஒப்பந்த ஆசிரியருக்கு யாரும் தொடாத பாடத்தைத்தான் கொடுப்பார்கள். எங்கள் பள்ளியில் அது, ‘தொடக்க கால அமெரிக்க இலக்கியமும் வசப்படுத்தும் பேச்சும்’. யாரோ ஒரு அமெரிக்க ஆசிரியை ஆரம்பித்துவைத்துவிட்டு ஊர் திரும்பிவிட்டார். பாடம் மட்டும் பட்டியலில் தங்கிவிட்டது. பன்னிரண்டாம் ஆண்டில் நாங்கள் பதினெட்டுப் பேர் அதை எடுத்தோம். ஆசைப்பட்டு எடுத்தவள் பிரணவி ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் போட்டோகிராபி வகுப்பில் இடம் கிடைக்காமல் வந்தவர்கள்.

சேர் முதல் வகுப்பில் பலகையில் மூன்று வரி எழுதினார். பேசுகிறவன் யார்? கேட்கிறவன் மனதில் என்ன இருக்கிறது? சொல்கிற நியாயம் என்ன? ஒருவனை வசப்படுத்த இந்த மூன்று வழிதான் என்றார். முந்நூறு வருடத்துக்கு முந்திய பிரசங்கம், ராஜாவுக்கு எழுதின முறைப்பாடு, துண்டுப் பிரசுரம் எல்லாவற்றையும் கொண்டுவந்து எது எந்த வழி என்று பிரிக்கச் சொன்னார்.

படித்ததைப் பயன்படுத்தாவிட்டால் படித்து என்ன பிரயோசனம்? மார்ச் மாதம் யாரோ தீ அலாரத்தை அடித்துவிட்டார்கள். நான் அடிக்கவில்லை. ஆனால் அன்று பின்னேரம் கணக்குச் சோதனை இருந்தது. உதவி அதிபர் மிஸஸ் வில்காக்ஸின் அறைக்குப் போய் நான்தான் அடித்தேன் என்று ஒப்புக்கொண்டேன். மூன்று வழியையும் பாவித்தேன். இரண்டாவது வழியில் கண்ணீரும் வந்தது. அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். கணக்குச் சோதனை தப்பியது. அடுத்த நாள் கேமராவைப் பார்த்தால், அலாரம் அடித்த நேரத்தில் நான் கன்டீனில் மீட் பை சாப்பிட்டுக்கொண்டு நிற்கிறேன்.

பள்ளிக்கூடமே சிரித்தது. சேர் மட்டும் சிரிக்கவில்லை.

“முதல் வழியைச் செலவழிச்சுட்டியே,” என்றார்.

“எதை சேர்?”

“பேசுறவன் யாருங்கிறதை. அது திரும்பச் சம்பாதிக்கக் கஷ்டம்டா.”

நான் அதைக் கேட்டுவிட்டு அவர் முதுகில் ‘பத்து நிமிடம் முந்தி வருவேன்’ என்ற ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனேன்.

மே மாதம் பாடத்தில் ஒரு மனு வந்தது. அமெரிக்கா இங்கிலாந்து ராஜாவிடம் விடுதலை கேட்டுக்கொண்டிருந்த நாட்களில், அங்கே இருந்த அடிமைகள் சிலர் தங்கள் விடுதலையைக் கேட்டுச் சட்டசபைக்கு எழுதின மனு. சேர் அதை வாசித்தபோது குரல் வேறு மாதிரி இருந்தது. கடைசி பெஞ்சில் இருக்கிற டோங்கா தீவுப் பெடியன் சியோனே கூடப் போனை வைத்துவிட்டுக் கேட்டான். மூன்று வழியும் அதில் குறைவில்லாமல் இருந்தது. நாங்களே கோடு போட்டுப் பார்த்தோம்.

சியோனே கையைத் தூக்கினான். “சேர், விடுதலை கிடைத்ததா?”

“இந்த மனுவால் இல்லை,” என்றார் சேர்.

“பதிலாவது போட்டார்களா?”

“ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.”

“அப்படியென்றால் இதை எதற்கு நல்ல மனு என்கிறீர்கள்? வேலை செய்யவில்லையே.”

சேர் மார்க்கரின் மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். பலகையில் அந்த மூன்று வரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “யோசித்துச் சொல்கிறேன்,” என்றார். மணி அடித்துவிட்டது. அவர் அதற்குப் பதில் சொல்லவே இல்லை.

ஆகஸ்டில் செய்தி வந்தது. அடுத்த வருடம் பதின்மூன்றாம் ஆண்டிலும் இந்தப் பாடம் நடக்க வேண்டும் என்றால் பதினாறு பேர் சேர வேண்டும். பாடம் நடந்தால் சேருக்கு நிரந்தர வேலை. நடக்காவிட்டால் டிசம்பரோடு சரி, மறுபடி பெயின்ட் வாளி. இதை எங்களுக்குச் சொன்னவள் பிரணவி. அவளுடைய அம்மாவும் அபர்ணா அக்காவும் ஒரே இடத்தில் வேலை.

பாடத் தெரிவு மாலை ஒரு வியாழக்கிழமை. பள்ளி மண்டபத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு மேசை. போட்டோகிராபி மேசையில் பெரிய திரை. சமையல் பாட மேசையில் சுடச்சுட மஃபின். சேருடைய மேசையில் ஒரு வெள்ளைத் தாள், ஒரு பேனா, இஸ்திரி போட்ட சட்டையோடு சேர்.

அங்கேதான் பார்த்தேன், வசப்படுத்தும் பேச்சைச் சொல்லிக்கொடுக்கிற மனுசனுக்குத் தன்னைப் பற்றி ஒரு வரி பேச வராது என்று. எங்கள் வகுப்புக் கோகுலின் அப்பா வரதராஜன் அங்கிளுக்கு ஐ.டி.யில் வேலை. அவர் வந்து கேட்டார்.

“சார், இந்த சப்ஜெக்ட் எடுத்தா பையனுக்கு என்ன யூஸ்?”

“பெருசா ஒண்ணும் சொல்ல முடியாது சார்.”

“இல்ல, பசங்க எப்படிப் பண்றாங்க?”

“பசங்க நல்ல பசங்க சார். அவங்களா பண்றாங்க. நான் சும்மா நிக்கிறேன்.”

வரதராஜன் அங்கிள் தலையாட்டிவிட்டு மஃபின் பக்கம் போனார். எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வந்தவர்களிடம், “கறி ஒண்டும் சரியில்ல, சும்மா சாப்பிடுங்கோ,” என்று சொல்லி நான்கு கறி வைக்கிற மாதிரித்தான் இதுவும். வந்தவர்கள் தமிழர் என்றால், சரியில்லாததை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட வேண்டும் என்று தெரியும். ஆனால் அந்த மண்டபத்தில் தமிழர்கூட வெள்ளைக்காரர் மாதிரித்தான் கேட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

எட்டு மணிக்கு மூடுவார்கள். ஏழரைக்குத் தாளில் ஒன்பது பெயர். அதில் நாலு எங்கள் வகுப்புத் தமிழருடையது: நான், சஞ்சீவன், கோகுல், பிரணவி. கோகுல் அப்பாவுக்குத் தெரியாமல் எழுதினான். மற்ற ஐந்தில் சியோனேயும் ஒருத்தன். ஏன் எழுதினாய் என்று கேட்டதற்கு, “அந்தப் பதிலை இன்னும் சொல்லவில்லையே,” என்றான்.

அப்போது சேரை நாற்காலி தூக்கக் கூப்பிட்டார்கள். யார் கூப்பிட்டாலும் நாற்காலி தூக்கப் போகிறவர்தான். தாள் தனியாக இருந்தது.

“ஏழு குறையுது,” என்றான் சஞ்சீவன்.

“சும்மா பேர் போடுவோமா? மிக்கி மவுஸ்?” என்றான் கோகுல்.

“அது பிடிபடும்,” என்றேன் நான். “பொய்ப் பேர் போடக் கூடாது. எல்லாம் உண்மையான பேராத்தான் இருக்கோணும்.”

தமிழருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அப்பாவின் பெயரைத்தான் பின்னால் கொழுவுகிறோம். எது முதல் பெயர், எது கடைசிப் பெயர் என்று விசா பேப்பரில் ஒரு மாதிரி இருக்கும், டாக்டரிடம் இன்னொரு மாதிரி இருக்கும். என் அப்பாவைப் பல்லு டாக்டரிடம் ‘மிஸ்டர் ஆரணன்’ என்று என் பெயரால் கூப்பிட்டிருக்கிறார்கள். அவரும் எழும்பிப் போயிருக்கிறார். ஆகவே, ஆரணன் செல்வரத்தினம் ஒரு ஆள். செல்வரத்தினம் ஆரணன் இன்னொரு ஆள். எஸ். ஆரணன் மூன்றாவது ஆள். மூன்றும் உண்மை.

நாலு பேனா கடன் வாங்கினேன். நாலு விதமான கையெழுத்தில் நானே எழுதினேன். இராசரத்தினம் சஞ்சீவன். வரதராஜன் கோகுல். ஆளுக்கு ஒன்று தலைகீழாக, நாலு. பிறகு முதலெழுத்து வைத்து மூன்று. பிரணவி தன்னுடைய மூன்றாவதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

“எனக்கு ரெண்டு ஆள் காணும். மூண்டு ஆளா வந்து வீட்டுப்பாடம் செய்ய ஏலாது.”

ஒன்பதும் ஏழும் பதினாறு.

சேர் நாற்காலி தூக்கிவிட்டு வந்தார். தாளை எடுத்தார். விரலை வைத்து மேலிருந்து கீழே எண்ணினார். இன்னொரு முறை கீழிருந்து மேலே எண்ணினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்த கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாமலே தாளை மடித்துக் கொண்டுபோய் மிஸஸ் வில்காக்ஸிடம் கொடுத்தார்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறைக்கு மைசூர்பாகு வந்தது. நல்ல செய்தி என்றால் எங்களுக்கு இனிப்புக் கொடுக்காமல் இருக்க முடியாது. அபர்ணா அக்கா செய்து அனுப்பியிருந்தார். சேர் எல்லா மேசைக்கும் போய்க் கொடுத்தார். மிஸஸ் வில்காக்ஸ் இரண்டு துண்டு எடுத்ததைப் பிரணவி பார்த்தாள். எங்களுக்கும் ஒரு டப்பா. நான் ஐந்து தின்றேன்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் பெயர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். ஏழு பெயருக்கு மாணவரே இல்லை என்று அது காட்டிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பகிடியாக எழுத முயற்சி செய்து பார்த்தேன். வரவில்லை.

சேரை மூன்றாம் பாட வேளையில் கூப்பிட்டார்கள். வகுப்பை எழுதச் சொல்லிவிட்டுப் போனார். வரும்போது முகம் கழுவியிருந்தது. அன்றைய பக்கத்தைத் திறந்து பாடம் நடத்தினார். மணி அடித்ததும் நான் நேராக மிஸஸ் வில்காக்ஸின் அறைக்குப் போனேன்.

“அந்தப் பெயர்களை எழுதியவன் நான்தான்,” என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குப் பிடி கிடைத்திருக்கும்.

“உட்கார், ஆரணன்.”

உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நாலு பேனா, நாலு கையெழுத்து, நாற்காலி தூக்கப் போனது, பல்லு டாக்டர். ஒரு பேப்பர் தந்தால் எழுதிக் காட்டுகிறேன் என்றேன். தந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்க எழுதினேன். நாலு கையெழுத்தும் ஒரே கோணலாக வந்தது. அதில் ஒன்றுகூட அந்தத் தாளில் இருந்த மாதிரி இல்லை.

“மார்ச் மாதமும் இதே நாற்காலியில் இருந்துதான் அழுதாய்,” என்றார். “அன்றைக்கும் நான் நம்பினேன்.”

“இது உண்மை, மிஸ்.”

“உனக்கு அவரைப் பிடிக்கும் என்று தெரியும். அது நல்ல விஷயம். ஆனால் பார், அந்தப் பெயர்களை இப்படித் திருப்பிப் போடலாம் என்று இந்தக் கட்டிடத்தில் தெரிந்த ஒரே பெரிய ஆள் அவர்தான். எங்களுக்கு எல்லாம் அது பதினாறு பெயர். அவருக்கு மட்டும்தான் அது ஒன்பது. அவரும் மறுக்கவில்லை.”

“என்ன சொன்னார்?”

“தாள் தன் மேசையில் இருந்தது, பொறுப்புத் தன்னுடையது என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.”

அடுத்த நாள் பிரணவி போனாள். வாழ்க்கையில் ஒரு நாள்கூட டிடென்ஷன் வாங்காதவள். அவளுக்கும் தண்ணீர் கொடுத்து, “ஆரணன் கேட்டுக்கொண்டான் என்பதற்காக நீ இதைச் செய்ய வேண்டாம்,” என்று அனுப்பிவிட்டார்கள். சஞ்சீவனை அவன் அப்பா விடவில்லை. “பேசாம இரு. உன்ர பேரும் கெடும்,” என்றாராம். கோகுல் வீட்டில் அப்பாவுக்குத் தெரியாமல் அந்தப் பாடத்தை எழுதினதே பெரிய சண்டையாகிவிட்டது.

நடையில் சேரைப் பிடித்தேன்.

“சேர், நாங்கள்தான் எண்டு நீங்களாவது சொல்லுங்கோவன். உங்கட வாயால சொன்னா நம்புவினம்.”

“பதினேழு வயசுப் பசங்களைக் காட்டிக் குடுத்து வேலை கேக்கச் சொல்றியா?”

“ஓம்.”

“போடா. பாடத்துக்கு நேரமாச்சு.”

நேரம் ஆகவில்லை. இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

விசாரணை, தண்டனை என்று ஒன்றும் வைக்கவில்லை. இந்த ஊரில் எல்லாம் மரியாதையாகத்தான் நடக்கும். பாடம் பட்டியலிலிருந்து எடுபட்டது. டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்தது. கடைசி நாள் ஆசிரியர்கள் அவருக்கு ஒரு வாழ்த்து அட்டை கொடுத்தார்கள். அதில் ‘மிஸ்டர் பழனி வேல்’ என்று இரண்டாக உடைத்து எழுதியிருந்தது. அவர் நன்றி சொன்னார்.

நானும் பதின்மூன்றாம் ஆண்டுக்குப் போகவில்லை. அதற்குக் காரணம் அவர் இல்லை, கணக்கு. சஞ்சீவனின் மாமா ஒருவர் ஈஸ்ட் டாமாக்கியில் வேலை பார்த்துத் தந்தார். வாளிக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. முதல் நாள் காலை உள்ளே போனால், மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு, பழனிவேல் சேர் பெயின்ட் வாளி அடுக்கிக்கொண்டு நிற்கிறார்.

“சார்னு கூப்பிடாத. இங்க எல்லாரும் வேல்,” என்றார்.

நான் சேர் என்றுதான் கூப்பிடுகிறேன். கேட்கிறவர்கள் அவரை மேனேஜர் என்று நினைக்கிறார்கள்.

போன மாதம் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று பக்கம். ஆங்கிலத்தைப் பிரணவி திருத்தினாள். யார் எழுதினது, எப்படி எழுதினது, ஏன் எழுதினது, எல்லாம் வரிசையாக. அனுப்புவதற்கு முந்திப் பத்து மணி இடைவேளையில் சேரிடம் கொடுத்தேன். அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, கோடு போட்டுக்கொண்டே வாசித்தார். பழைய வகுப்பில் செய்கிற மாதிரியே. இரண்டாவது பக்கத்தில் வந்து நின்றார். சேர் தாளைப் படிக்காமலே கொடுத்தார், அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நான் எழுதியிருந்த இடம்.

“இதை அடிச்சிரு,” என்றார்.

“ஏன் சேர்?”

“பதினாறான்னு மட்டும்தான் எண்ணினேன். கண்ணாடியக் கழட்டிட்டேன், ஞாபகம் இருக்கா?”

“துடைச்சனீங்கள்.”

“துடைச்சேன். திரும்பப் போடலை. போட்டா பேரைப் படிக்கணும். மொத ரெண்டு பேர் கண்ணுல பட்டவுடனே தெரிஞ்சுருச்சு. படிச்சா பதினாறு இருக்காது.” தேநீரை எடுத்தார். குடிக்கவில்லை. “அந்தம்மா சொன்னது சரிதான்டா. எனக்கு மட்டும்தான் அது ஒம்போது.”

பகிடி ஒன்று எப்போதும் என் வாயில் இருக்கும். அன்று இல்லை.

“அப்ப இதை அனுப்பவா, வேண்டாமா?”

“அனுப்பு. அந்த வரி இல்லாம அனுப்பு.”

“வேலை செய்யுமா?”

“செய்யாது.”

“பிறகு எதுக்கு?”

சியோனே கேட்ட அதே கேள்வி. கேட்டபிறகுதான் எனக்கே தெரிந்தது. அவர் பென்சிலின் முனையைப் பார்த்தார். திறந்து மூட அதற்கு மூடி இல்லை. இடைவேளை முடிகிற மணி அடித்தது. கடிதத்தின் மூலையில் ஏதோ எழுதி என் கையில் கொடுத்துவிட்டு வாளிப் பக்கம் போனார்.

மெரிட் என்று போட்டிருந்தார். அதற்கு மேல் தரமான எக்ஸலன்ஸ் இல்லை. கீழே பொடி எழுத்தில்: முதல் வழி இன்னும் பலவீனம்.

அந்த வரியை அடித்துவிட்டு அனுப்பினேன். ஆரணன் செல்வரத்தினம் என்று ஒரே ஒரு கையெழுத்துத்தான் போட்டேன். ஐந்து வாரம் ஆகிறது. பதில் இல்லை. ஒவ்வொரு நாளும் இடைவேளையில் அவர் என்னைப் பார்ப்பார், நான் தலையாட்டுவேன், இல்லை என்று. அவரும் தலையாட்டுவார். பிறகு நான் லேபிள் ஒட்டுகிறேன், அவர் அடுக்குகிறார்.

கிடங்குச் சுவரில் ஒரு பெரிய கடிகாரம் இருக்கிறது. ஏணி வைத்தால் எட்டும். நான் இன்னும் அதைத் தொடவில்லை.